கருப்பட்டிக்குச் சிக்கெடுக்கிறோம்

மெல்பர்னுக்கு வந்து வீடு, வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்ததும் நம் ஆட்கள் பலருக்கு அடுத்து வரும் ஆசை நாய். பூங்காவில் எங்கள் லாப்ரடூடில் நாய் கருப்பட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து பேசும் தமிழர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "லாப்ரடூடிலுக்கு முடி கொட்டாதாமே, அலர்ஜியும் வராதாமே, நிஜமா?" நின்ற இடத்தில் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. 2018இல் இங்கே வந்தோம். மூன்று வருடம் கழித்துத்தான் நாய் வளர்க்கும் தைரியம் வந்தது, அதுவும் வாடகை வீட்டில். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச்சிலிருந்து சட்டம் மாறிவிட்டது. அதற்கான படிவத்தில் எழுதிக் கேட்டால், வீட்டுக்காரர் சும்மா மறுத்துவிட முடியாது, மறுப்பதாக இருந்தால் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இது தெரியாமல் நாங்கள் ரொம்ப நாள் பயந்துகொண்டிருந்தோம்.

லாப்ரடூடில் என்றால் லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறந்த கலப்பு. அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது இந்த ஊரிலிருந்துதான். 1980களின் கடைசியில், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கித் தரும் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் நாய் வளர்ப்புப் பொறுப்பில் இருந்தார். ஹவாயில் இருந்த ஒரு பார்வையற்ற பெண் வழிகாட்டி நாய் கேட்டு எழுதினார், ஆனால் அவர் கணவருக்கு நாய் என்றாலே ஒவ்வாமை. பூடிலுக்கு முடி அதிகம் உதிராது என்று கான்ரன் முப்பதுக்கும் மேற்பட்ட பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். எதுவும் அந்த வேலைக்குச் சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் 1989இல் லாப்ரடாரையும் பெரிய வகைப் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார். ஒரே ஒரு குட்டியின் முடியும் எச்சிலும்தான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. சுல்தான் என்று பெயர் பெற்ற அந்தக் குட்டி கடல் கடந்து ஹவாய்க்குப் போனது.

மீதி இரண்டையும் எடுத்துக்கொள்ள ஆளில்லை, கலப்பு நாய் யாருக்கும் வேண்டாம். லாப்ரடூடில் என்று பெயர் வைத்துப் பத்திரிகைகளுக்குச் சொன்ன பிறகுதான் எல்லாரும் கேட்டு வந்தார்கள். காசுக்காகக் கண்டபடி கலந்து குட்டி போடவைக்கும் கூட்டம் பெருகிவிட்டதைப் பார்த்து, இதை ஆரம்பித்ததற்கே வருந்துவதாக கான்ரன் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார்.

நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வது அந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கைத்தான். முதல் ஈற்றிலேயே நிலைமை அப்படி. ஒவ்வாமை தரும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது, முடி அதைச் சுமந்து பரப்புகிறது, அவ்வளவுதான். ஒவ்வாமை தராது என்று சொல்லப்படும் நாய்கள் இருக்கும் வீட்டுக் காற்றிலும் அந்தப் புரதம் மற்ற வீடுகளின் அளவுக்கே இருந்ததாக 2012இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு சொன்னது. என் கணவருக்குத் தும்மல் உண்டு. நாங்கள் முதலில் போன் செய்த ஒருவர், "ஒன்றும் வராது, நான் கியாரண்டி" என்றார். அங்கே வாங்கவில்லை. வேறொருவர் வீட்டுக்கு இரண்டு சனிக்கிழமை போய், தாய் நாயோடும் குட்டிகளோடும் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து இரவு முழுக்கக் கவனித்துப் பார்த்த பிறகுதான் சரி என்றோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பெலும்பு, முழங்கை மூட்டு, கண் பரிசோதனை செய்த சான்றைக் கேளுங்கள். இந்த இரண்டு இனத்திலுமே அந்தக் குறைகள் வழிவழியாக வரும். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். விக்டோரியாவில் குட்டி விற்கும் விளம்பரத்தில் பதிவு எண்ணும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண்ணும் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

நிறத்தைப் பார்த்ததும் என் மகள் வைத்த பெயர் கருப்பட்டி. தெருவில் எல்லாரும் பட்டி என்கிறார்கள். அதுவரை கையசைப்பதோடு சரி என்றிருந்த தெரு அது. இப்போது எதிர்வீட்டு மூதாட்டி கதவைத் தட்டி, "பட்டி நடக்கப் போயாச்சா?" என்று கேட்கிறார்.

இனி முடி. கொட்டாத முடி எங்கே போகும்? உடம்பிலேயே நின்று, புது முடியோடு பின்னிக்கொள்ளும். எட்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் குட்டி முடி போய் வளர்ந்த முடி வரும், அப்போதுதான் ரொம்ப மோசம். நான் தினமும் பிரஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், மேலே பஞ்சு மாதிரி அழகாக இருந்தது. முடி வெட்டக் கொண்டுபோன இடத்தில் வெட்டும் பெண் என் விரலைப் பிடித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டினார். தோலை ஒட்டிக் கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. அக்குளிலும் அப்படியே. மொத்தத்தையும் ஒட்ட வழித்தபோது அடியில் தோல் சிவந்து கிடந்தது. வாய் திறந்து சொல்ல முடியாத ஜீவன், எத்தனை நாள் இழுபட்டு வலித்திருக்கும்! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். இடுப்பு வரை முடி வைத்திருந்த எனக்கும் அக்காவுக்கும் தினமும் சிக்கெடுத்துப் பின்னிவிட்ட கை அது. முடி மறுபடி வளர்ந்ததும், நான் பிரஷ் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏட்டி, மேலாப்புல சீவுனா அடியில உள்ள சிக்கு எப்படிப் போகும்? வேரப் பிடிச்சுக்கிட்டு நுனியில இருந்து வா" என்று சீப்பை வாங்கிக்கொண்டார். இடது கையால் முடியை வகிர்ந்து வேரோடு அழுத்திப் பிடித்து, தோல் இழுபடாமல், நுனியில் அரை அங்குலம், அப்புறம் ஒரு அங்குலம், அப்படியே மேலே. கருப்பட்டி அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. முடி வெட்டும் பெண் எனக்குச் சொன்ன முறையும் இதேதான்! கம்பிப் பல் பிரஷ் முதலில், பிறகு ஸ்டீல் சீப்பு. சீப்பு தடங்காமல் தோலிலிருந்து நுனிவரை இறங்கினால்தான் சிக்கு இல்லை என்று அர்த்தம். குளிப்பாட்டுவதற்கு முன்னால் சீவிவிட வேண்டும், நனைந்தால் சிக்கு இறுகிவிடும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுகிறோம், நூறு டாலருக்குக் குறைவதில்லை.

தண்ணீரைக் கண்டால் கருப்பட்டியைப் பிடிக்க முடியாது. பூடிலும் ஆதியில் தண்ணீரில் விழும் வாத்துகளை எடுத்துவரும் வேட்டை நாய்தான், லாப்ரடாரும் அப்படியே. கடற்கரைக்குப் போய்வந்தால் தொங்கும் காதுகளை உள்ளே துடைத்து உலர்த்தாவிட்டால் சீழ் வைக்கும். கோடையில் காய்ந்த புல்விதை விரலிடுக்கில் புகுந்து தோலுக்குள் ஏறிவிடும், நடந்து வந்ததும் பாதங்களை விரித்துப் பார்த்துவிடுங்கள். காலையும் மாலையும் ஓடவிடாவிட்டால் செருப்பு, சோபா எதுவும் தப்பாது. ரொம்ப அறிவு, தனியாக விட்டால் ஏங்கும்.

நம் வீடுகளுக்கு முக்கியமான ஒன்று: சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், பாயசக் கிண்ணத்தையும் எட்டாமல் வையுங்கள். ஊரில் மிச்சச் சோறு போட்டே நாய் வளர்த்த அம்மாவுக்கு இது மனசு கேட்கவில்லை. பிறகு அவரே வெறும் சோற்றில் உப்புப் போடாத வேகவைத்த கோழியைப் பிசைந்து வைக்க ஆரம்பித்தார்.

அம்மா ஊருக்குப் போய் ஏழு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும், "தலை சீவுனியா?" என்பார், என்னை இல்லை. நான் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் சீப்பை விட்டு அது தடங்காமல் இறங்குவதைக் காட்டுவேன்.