தசமபாகமும் ஒரு பாய் அளவு இடமும்

நேற்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "அரசுப் பள்ளியில படிப்பு இலவசம், பஸ் பாஸ் இலவசம், 2022-லேர்ந்து தொடக்கப் பள்ளியில காலைச் சாப்பாடும் போடுறாங்க. அப்புறம் எதுக்கு மாசாமாசம் அந்த அறக்கட்டளைக்குப் பணம்?"

நியாயமான கேள்விதான். பதில் சென்னை பெரும்பாக்கத்தில் இருக்கிறது. கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்கள் பல குடியேறிய அடுக்குமாடிகள். போன மாதம் அங்கே அந்த அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்பைப் பார்க்கப் போனோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாயின் ஓரத்தில் குப்புறப் படுத்து, டிபன் பாக்ஸ் மூடியை வைத்து வட்டம் வரைந்துகொண்டிருந்தாள். கிளம்பும்போது புத்தகப் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் ஆறு பேர், ஒரே அறை, டிவி ஓயாதாம். அவளுக்கு இலவசமாகக் கிடைக்காதது அந்த இரண்டு மணி நேர அமைதிதான்.

என் தாத்தா மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். யார் கட்டிய பணம் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத கடன் அது.

தசமபாகம், அதாவது வருமானத்தில் கடவுளுக்கென்று ஒதுக்கும் பத்தில் ஒரு பங்கு, முழுதும் சபைக்கே போக வேண்டும் என்று அம்மாவுக்கு வருத்தம். எளியவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்லும் மத்தேயு 25-ஐக் காட்டியும் அரை மனசுதான். சரி, பாதிப் பாதி என்று சமாதானம் ஆகியிருக்கிறது. பிள்ளைகளிடம் மதம் பேசக்கூடாது என்பது அந்த மையத்தின் விதி. எனக்குப் பிடித்ததே அதுதான்.

சனிக்கிழமை ஒரு ஃபேன் வாங்கிப் போகிறோம். அங்கே இருப்பது சுற்றுவதைவிடக் கத்துவதுதான் அதிகம்.