ஈரக் கை

எங்கள் வீட்டில் துணி என் துறை. சமையல் என் மனைவியுடையது, பாத்திரம் யார் அகப்படுகிறார்களோ அவர்களுடையது, துணி மட்டும் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு. வாஷிங் மெஷின் இருப்பதால் இதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும் அந்த நினைப்புதான் இருந்தது, போன மாதம் அது நின்றுபோகும்வரை.

தண்ணீர் வெளியேறவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் மூன்று சட்டைகளும் மகளின் யூனிஃபார்மும் சோப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன, கதவும் பூட்டிக்கொண்டது. வீடியோ பார்த்து, கீழே ஓரத்தில் இருந்த சின்னக் குழாயை இழுத்துத் தண்ணீரை வடித்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஃபில்டர் மூடியைத்தான் திருக முடியவில்லை. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வந்துடறேன் சார்" என்றார். அந்த நாளை வர பதினோரு நாள் ஆனது.

ராத்திரி ஒன்பதரைக்கு பக்கெட்டும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். முதல் சட்டையின் காலரைத் தேய்க்கும்போதே அலமாரியில் வைத்திருந்த போன் அதிர ஆரம்பித்தது. ஆபீஸ் குரூப். விரலை வைத்தேன், ஈர விரலை அது ஏற்கவில்லை. நம்பர் அடித்துத் திறக்கலாம் என்றால், திரையில் விழுந்த இரண்டு சொட்டுத் தண்ணீரும் சேர்ந்து ஏதோ நம்பரை அடிக்கின்றன. லுங்கியில் துடைத்தேன், அதுவும் ஈரம். சீ போ என்று போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன்.

துவைத்து, அலசி, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துப் போனைப் பார்த்தபோது இருபத்தாறு மெசேஜ். ஒருவர் என் பெயரைக் குறிப்பிட்டு ஒரு ஃபைல் எங்கே என்று கேட்டிருந்தார். இன்னொருவர் இடத்தைச் சொல்லியிருந்தார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டார். நடுவில் எனக்காக மூன்று கேள்விக்குறி. அந்த நாற்பது நிமிடத்தில் நான் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

ஐந்தாவது நாளிலிருந்து ஒன்பதரை எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். முதுகு வலித்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை.

நேரமே இல்லை என்று நான் புலம்பாத நாள் கிடையாது. யோசித்துப் பார்த்தால் நேரம் இல்லாமல் இல்லை, சில்லறையாக இருக்கிறது. மைக்ரோவேவ் முன்னால் இரண்டு நிமிடம், லிஃப்டுக்கு ஒரு நிமிடம், மீட்டிங் தொடங்குமுன் நாலு நிமிடம். அந்தச் சில்லறையைக் கொண்டு ஒன்றும் வாங்க முடிவதில்லை; போன் பிடுங்கிக்கொள்கிறது. முன்பு பேங்க்குக்குப் போவதென்றால் அரை நாள் லீவு. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாராலும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. அது போயே போய்விட்டது. இப்போது ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்புகிறேன், போட்டோ தெளிவில்லை என்று திரும்பி வருகிறது, மறுபடி ஏற்றுகிறேன், ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்த வேலை, வசதி என்ற பெயரில் என் மடியில் வந்து விழுந்திருக்கிறது.

கெயின்ஸ் என்ற பொருளாதார நிபுணர் 1930-இல் ஒரு கட்டுரையில், நூறு வருஷம் கழித்து மனிதர்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்தால் போதும், மிச்ச நேரத்தை என்ன செய்வது என்பதுதான் கவலையாக இருக்கும் என்று எழுதினார். கெடு 2030. நான் புதன்கிழமை மதியத்துக்குள் அந்தப் பதினைந்தைத் தாண்டிவிடுகிறேன், செவ்வாய்க்கிழமையே தாண்டுவதும் உண்டு. அவரைவிட 1865-இல் எழுதிய ஜெவன்ஸ் என்ற இன்னொரு பொருளாதார நிபுணர்தான் என் வீட்டைப் பார்த்து எழுதியவர் போலிருக்கிறது. நீராவி இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்க எரிக்க, பிரிட்டனில் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, கூடியது என்றார் அவர். மலிவாகக் கிடைத்தால் இன்னும் நாலு இடத்தில் அதைப் பயன்படுத்தத் தோன்றும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நிலக்கரியின் இடத்தில் இருப்பது துண்டு. என் மகள் ஒரு தடவை முகம் துடைத்தால் துண்டு அழுக்குக் கூடைக்குப் போய்விடும். நானும் யோக்கியன் இல்லை. அரை மணி நேரம் போட்ட சட்டையைக்கூட "எதுக்கும் இருக்கட்டும்" என்று மெஷினில் போடுகிறவன். வாரத்துக்கு ஐந்து லோடு. துவைப்பது மெஷின்தான், எடுப்பது, உலர்த்துவது, மடிப்பது, சாக்ஸுக்கு ஜோடி தேடுவது எல்லாம் நான். "நாங்க அஞ்சு பேருக்கு வாரத்துக்கு ஒரு நாள்தானேடா துவைச்சோம், மூணு பேருக்கு எப்படி தினமும் துணி வருது?" என்று அம்மா போனில் கேட்டாள். பதில் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு நாளில் துணி பாதியாகிவிட்டது. நான் குனிந்து துவைப்பதை வாசலில் நின்று பார்த்த மகள், மூன்றாம் நாளிலிருந்து துண்டை ஒன்றும் சொல்லாமல் கொடியில் விரித்துப் போட ஆரம்பித்தாள்.

ரிப்பேர்காரர் வந்தார். மூடியைத் திருகித் திறந்து ஒரு ஹேர்கிளிப்பையும் சட்டைப் பொத்தானையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எட்டு நிமிட வேலை. அன்றைக்கு ராத்திரி மெஷின் ஓடியது, எனக்கு நாற்பது நிமிடம் மிச்சம். கட்டிலில் உட்கார்ந்தேன், குரூப்பைத் திறந்தேன், பத்தே முக்காலுக்குத்தான் மூடினேன். துண்டு பழையபடி கூடைக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பக்கெட்டை எடுத்தேன். இரண்டே இரண்டு சட்டை.

"மெஷின்தான் சரியாயிடுச்சே, ஏங்க?" என்றாள் அவள்.

"காலர் அழுக்கு அதுல போகமாட்டேங்குது."

அவள் சட்டையை எடுத்துக் காலரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய ஆபீஸ் என்னுடையதைவிட மோசம். அடுப்படியில்கூட போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் நிற்பாள்.

நேற்று ஒன்பதரைக்கு நான் போனால் குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பிரஷ் தேய்க்கும் சத்தம். வெளியே மேஜைமேல் அவள் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. விழாமல் நடுவில் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.