தர்மபுரியிலிருந்து அருஷாவுக்கு: மறைப்பணிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

நீங்கள் போகிற அருஷா, கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டு ஊர். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் ரத்தத்துக்கு ஒரு சொல், இனிப்புக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘டாமு’ என்றுதான் வரும். உச்சரிப்பில் ஒன்று மெல்லோசை, மற்றொன்று வல்லோசை. நற்கருணை வழங்கும்போது ‘கிறிஸ்துவின் திருரத்தம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், புதிதாகப் போன நம் பிள்ளைகள் பலர் ‘கிறிஸ்துவின் இனிப்பு’ என்று சொல்லிவிடுகிறார்கள். அங்குள்ள மக்கள் யாரும் சிரிப்பதில்லை, ‘ஆமென்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதனாலேயே இந்தத் தவறு ஆறு மாதம் கூடத் திருத்தப்படாமல் ஓடும்.

காரணம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மொழி வகுப்பில் கேட்பதையெல்லாம் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால் க-வுக்கும் அதன் மெல்லோசைக்கும், ப-வுக்கும் அதன் மெல்லோசைக்கும் உள்ள வேறுபாடு தாளிலேயே அழிந்துபோகும். பிறகு தாளைப் பார்த்துப் படிக்கிற நாக்கும் அப்படியே பழகிவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வரம் உண்டு. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள். கன்னட எழுத்தோ தெலுங்கு எழுத்தோ தெரிந்தவர்கள் அதில் குறித்துக்கொள்ளட்டும், அவற்றில் இரண்டு ஓசைக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. தெரியாதவர்கள் முதல் மூன்று மாதம் எழுதவே வேண்டாம், காதால் மட்டும் கற்றுக்கொள்வது நல்லது.

இலக்கணத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தமிழில் ‘படிக்கிறேன்’ என்ற சொல்லைப் பிரித்தால் படி, நிகழ்காலம், நான் என்று வரும். சுவாஹிலியில் அதே ‘நினாசோமா’. நி என்றால் நான், நா நிகழ்காலம், சோமா என்றால் படி. நம் சொல்லைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி பின்னாலிருந்து முன்னால் அடுக்கியிருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் வினைச்சொற்கள் ஒரு மாதத்தில் வசப்படும். பெயர்ச்சொல் வகைகள்தான் நாள் எடுக்கும். ஒருமையில் ம்டு என்றால் ஆள், பன்மையில் வாடு. கிடு என்றால் பொருள், பன்மையில் விடு. ஒவ்வொரு வகைக்கும் முன்னொட்டு மாறும், கூடவே பெயரடையும் வினையும் மாறும்.

மொழியைவிட முதல் வாரத்தில் அதிகம் குழப்புவது கடிகாரம். அங்கே நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். ‘சா மோஜா’ என்றால் ஒரு மணி, அதாவது காலை ஏழு. ‘சா டாடு’ என்றால் மூன்று, அதாவது ஒன்பது. நம் கைக்கடிகாரத்தில் ஆறைக் கழிக்க வேண்டும். ‘ஞாயிறு திருப்பலி சா மோஜா’ என்று கேட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குக் கோவிலுக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. நம் தாத்தாமார் நாழிகையும் உதயத்திலிருந்தே எண்ணியதுதான். அதை நினைத்துக்கொண்டால் இது அந்நியமாகத் தோன்றாது.

புறப்படும் முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லுபடியாகும், எனவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் போடுகிறார்கள். டிக்கெட் கென்யா, எத்தியோப்பியா வழியாக இருந்தால் திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்தில் அந்தச் சான்றின் மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். மலேரியாவில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே குழந்தையிலிருந்து அந்த நோயோடு வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும், நம் உடம்புக்கு இருக்காது. காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் படுத்துப் பார்ப்போம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே ஆபத்து. அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகித்தான் தூங்க வேண்டும்.

இனி, அங்கே போய்ச் சேர்ந்ததும் நீங்கள் யாராகத் தெரிவீர்கள் என்பது. தெருவில் குழந்தைகள் ‘ம்ஹிண்டி’ என்று கூப்பிடுவார்கள். இந்தியர் என்று பொருள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தியர் என்றால் கடைக்காரர் என்றுதான் மூன்று நான்கு தலைமுறையாகப் பதிந்திருக்கிறது. கடை என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘டூகா’ கூட நம் பக்கத்து ‘துக்கான்’ என்பதன் உறவுதான். எனவே முதல் கேள்வி ‘உங்கள் கடை எங்கே’ என்று வரலாம். சாமியார் என்றால் வெள்ளைக்காரர் அல்லது உள்ளூர்க்காரர், ம்ஹிண்டி என்றால் இந்து அல்லது முஸ்லிம் என்று நினைப்பவர்களுக்கு நடுவில் போகிறீர்கள். இதற்கு மனம் வருந்தாதீர்கள், விளக்கவும் அவசரப்படாதீர்கள். விலை பேசாமல், எதையும் விற்காமல், ஒரு வருடம் வீடு வீடாக நடந்தால் பெயர் தானாக மாறிவிடும்.

வீட்டுக்குப் போகிற முறையை மட்டும் தப்பாமல் கற்றுக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து ‘கரிபு’ என்று வந்தால்தான் கால் எடுத்து வைக்கலாம். பதில் வரவில்லையென்றால் கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, மூன்றாவது தடவை. அதற்கும் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும், ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கூடாது. பெரியவர்களுக்கு முதலில் ‘ஷிகமோ’ சொல்ல வேண்டும். ‘உங்கள் காலைப் பிடிக்கிறேன்’ என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். அவர்கள் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார்கள். வயதான பாட்டியிடம் ஷிகமோ சொல்லாமல் ‘ஜாம்போ’ என்று சொன்னால் சுற்றுலாக்காரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கத்தோலிக்க வீடாக இருந்தால் ‘தும்சிஃபு யேசு கிறிஸ்து’. இயேசு கிறிஸ்துவைப் போற்றுவோம் என்று பொருள். ‘மிலேலே, அமினா’ என்று பதில் வரும். எலத்தகிரியிலோ கோவிலூரிலோ ‘ஸ்தோத்திரம் சாமி’ சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு இதில் ஒரு நிமிடம் கண் கலங்கும்.

சாப்பாட்டில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளைப் போல் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறவர்கள் குறைவு. காரணம் களி. அங்கே அன்றாடச் சாப்பாடு ‘உகாலி’, மக்காச்சோள மாவுக் களி. நாம் நொய் வேகவைத்து, அதன் மேல் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கொதி ஏறிய பிறகு துடுப்பால் கிண்டுகிறோம். அவர்கள் நொய் சேர்ப்பதில்லை, உப்பும் போடுவதில்லை. கொதிக்கிற தண்ணீரில் முதலில் ஒரு கை மாவைக் கரைத்துக் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து, பிறகு மீதி மாவைச் சேர்த்து, ‘முவிகோ’ என்ற மரக்கரண்டியால் பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தி அழுத்திப் புரட்டுகிறார்கள். மாவு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே பச்சை மாவுக் கட்டி நிற்கும். வெந்ததா என்பதற்கு அடையாளம், களி பாத்திரத்தை விட்டு விலகி ஒரே திரளாகச் சுழல்வது. சாப்பிடும் முறையில்தான் வித்தியாசம். நாம் களியை அவரைக்கொட்டைக் குழம்பிலோ கீரைக் கடையலிலோ தொட்டு விழுங்குவோம். அவர்கள் ஒரு துண்டு எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி போட்டு, அந்தக் குழியில் ‘ம்சிச்சா’ என்ற கீரையை அள்ளி மென்று சாப்பிடுகிறார்கள். ம்சிச்சா வேறொன்றுமில்லை, நம் தண்டுக்கீரையின் இனம்தான். சாப்பாட்டுக்கு முன் வீட்டில் ஒருவர் சொம்பும் தட்டும் கொண்டுவந்து விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்றுவார். எழுந்து குழாய்க்குப் போகாதீர்கள், உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும்.

கேழ்வரகும் அங்கே உண்டு, ‘உலேசி’ என்று பெயர். காலையில் அதன் கஞ்சிதான் ‘உஜி’. தர்மபுரியின் தானியம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து இங்கே வந்தது. கிளிமஞ்சாரோ மலைச் சரிவில் சாகா மக்கள் வாழைப்பழத்தோடு முளைகட்டிய கேழ்வரகு சேர்த்து ‘ம்பெகே’ என்ற கள் காய்ச்சுவார்கள். திருமணம், அடக்கம், சமாதானம் பேசுதல் எல்லாவற்றிலும் அது உண்டு. குடிக்காதவர்கள் ஏனத்தை இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் வைத்து, அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். வாங்க மறுப்பதுதான் மரியாதைக் குறைவு.

இப்போது இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அருஷா, மேரு மலைப் பக்கம் போகிற நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனிப்பார்கள், மற்ற ஊர்க்காரர்கள் கவனிக்க மாட்டார்கள். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளில் பார்த்த அதே கறை. காரணம் குடிநீரில் கலந்திருக்கும் ஃப்ளோரைடு. நமக்குப் பாறையிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுக்கு வருகிறது, அவர்களுக்கு எரிமலைப் பாறையிலிருந்து ஊற்றுக்கும் ஆற்றுக்கும் வருகிறது. அருஷாவுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கே ‘மாஜி யா சாய்’, தேநீர்த் தண்ணீர் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தான்சானியாவில் வெகுகாலம் 4 வரை ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் அதற்குக் கீழே தண்ணீர் கிடைப்பதே அரிதாக இருந்தது. நமக்கு ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அங்கே எல்லா ஊருக்கும் அப்படி ஒரு காவிரி இல்லை.

இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, தண்ணீரைக் காய்ச்சினால் போதும் என்று சொல்லிக்கொடுப்பது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். இரண்டாவது, தண்ணீரை மட்டும் பார்ப்பது. அந்தப் பக்கத்தில் பயறும் மக்காச்சோளமும் சீக்கிரம் வேக ‘மகாடி’ என்ற ஏரி உப்பைப் போடுவார்கள், அதிலும் ஃப்ளோரைடு உண்டு. அடுப்படியில் உட்கார்ந்து பார்க்காத எவருக்கும் இது தெரியாது. மூன்றாவது தவறு, பெரியவர்களின் பல்லை நினைத்துப் பேசுவது. எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள். கறை விழுந்த பிறகு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் பல் மாறாது, ஆனால் எலும்புக்கு வரும் பாதிப்பைத் தடுக்கலாம். ஆகவே கிடைக்கும் கொஞ்ச நல்ல தண்ணீரை யாருக்கு முதலில் ஒதுக்குவது என்று கேட்டால் கைக்குழந்தைக்கும் பால்வாடிப் பிள்ளைக்கும்தான்.

வழிகள் இருக்கின்றன. நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, ஃப்ளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறையை அருஷாவுக்குப் பக்கத்தில் ங்குர்டோட்டோவில் வாளி அளவுக்குச் சுருக்கிச் செய்து பார்த்திருக்கிறார்கள். இருபது லிட்டர் வாளியில் படிகாரத்தையும் அதில் பாதி அளவு சுண்ணாம்பையும் போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் தெளிய விட வேண்டும். குழாய் வாளியின் அடியில் இருக்கக் கூடாது, சில விரல்கடை மேலே இருக்க வேண்டும். அதன் வழியாகத் துணியில் வடித்து இரண்டாவது வாளிக்கு மாற்றுவார்கள். அடியில் நிற்கும் வண்டலில்தான் ஃப்ளோரைடும் அலுமினியமும் இருக்கும். அவசரத்தில் வாளியைச் சாய்த்து ஊற்றினால் செய்ததெல்லாம் வீண். எவ்வளவு படிகாரம் என்பது ஊருக்கு ஊர் மாறும், தண்ணீரைச் சோதிக்காமல் அளவு சொல்லக் கூடாது. ஃப்ளோரைடு மிக அதிகமான ஊற்றுகளில் இந்த முறை போதுமான அளவுக்குக் குறைக்காது.

இன்னொரு வழி எலும்புக் கரி. கென்யாவில் நகுரு கத்தோலிக்க மறைமாவட்டம் இதைப் பெரிய அளவில் செய்கிறது. மாட்டெலும்பைக் காற்று அதிகம் புகாத சூளையில் கரியாக்கி, பொடித்து, வாளியிலோ பீப்பாயிலோ நிரப்பி அதன் வழியே தண்ணீரை விடுவார்கள். நல்ல கரி கறுப்பாக இருக்கும். பழுப்பாக இருந்தால் வேகவில்லை, தண்ணீர் நாறும். வெளுத்துவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது, ஃப்ளோரைடைப் பிடிக்கும் திறன் போய்விட்டது. சில மாதத்தில் கரி ஃப்ளோரைடால் நிறைந்து, மேலும் பிடிக்காமல் போகும். ஆனால் தண்ணீர் பார்க்கவும் குடிக்கவும் முன்போலவே இருக்கும், அதனால் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. எலும்பு எந்த மிருகத்தினுடையது, எப்படி அறுத்தது என்று முஸ்லிம் வீடுகளில் கேட்பார்கள். பதில் தெரியாமல் வாளியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிற பிள்ளைக்கு முதல் வருடம் கை துறுதுறுக்கும். பணம் கேட்டு எழுதி, வாளி வாங்கிக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. படிகாரம் யார் வாங்குவது, கரியை யார் மாற்றுவது என்று அந்த ஊர்ப் பெண்கள் முடிவு செய்யாத வடிகட்டி ஆறு மாதத்தில் கோழி அடைக்கும் கூண்டாகிவிடும். பூட்டிக் கிடக்கும் சுத்திகரிப்பு நிலையங்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். ஊரார் கூடி முடிவு செய்வதற்கான இடம் ‘ஜுமுயா’. நாம் அன்பியம் என்று சொல்வதுதான். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970-களிலேயே அதைத் திருச்சபையின் அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து வீடுகள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, வரும் ஞாயிற்றின் நற்செய்தியை வாசித்து, பிறகு யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் கூரை போயிற்று என்று பேசுவார்கள். புதிதாக வந்த பிரதர் அங்கே வாசகத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புரியாத சொல்லைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் போதும். ஒரு சமாரியப் பெண் கிணற்றடிக்கு வந்த பகுதியை அந்த ஊரில், அந்தத் தண்ணீரைத் தலையில் சுமந்து வந்த பெண்கள் வாசித்துப் பேசும்போது, நம் விளக்கவுரைகளில் இல்லாதது காதில் விழும்.

விசுவாசத்துக்கு வரும் சோதனை பெரும்பாலும் மூன்றாம் நான்காம் மாதத்தில். புதுமை தீர்ந்திருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது. திருப்பலி சுவாஹிலியில், காலை மாலைச் செபம் ஆங்கிலத்தில், அழுகை மட்டும் தமிழில். செபம் வாயில் ஓடும், உள்ளே ஒன்றும் இறங்காது. உங்களுக்கு இறையழைத்தல் இல்லை என்பதற்கு இது அடையாளமல்ல. தாய்மொழி பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். தமிழ் விவிலியத்தைப் பெட்டியில் வைக்காமல் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். தினம் ஒரு திருப்பாடலை வாய்விட்டுத் தமிழில் வாசியுங்கள். பாவசங்கீர்த்தனம் தமிழிலோ தெரிந்த மொழியிலோ செய்ய முடிகிற குருவானவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அங்கே போய்ச் சேர்ந்த வாரமே விசாரித்து வையுங்கள். தூக்கமும் பசியும் தொடர்ந்து கெட்டால் தலைமைச் சகோதரரிடம் சொல்லுங்கள். மறைப்பது தாழ்ச்சி அல்ல.

வீட்டாருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தான்சானியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஐந்தரை, இங்கே எட்டு. ஞாயிறு அந்த நேரம் பலருக்கு ஒத்துவருகிறது. முதல் மாதங்களில் ‘எப்ப வர்ற?’ என்று கேட்காதீர்கள், ‘இன்னைக்கு என்ன சாப்ட்ட?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு நிறைய இருக்கும். இங்கே வீட்டில் செபமாலை சொல்கிற நேரத்திலேயே போனைப் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் வைத்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. அம்மா ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று தொடங்க, அந்தப் பக்கத்திலிருந்து ‘மரியா ம்தகாதிஃபு, மாமா வா முங்கு’ என்று மறுபாதி வரும். நடுவில் சிக்னல் போனால் நிறுத்த வேண்டாம். இரண்டு பக்கமும் அவரவர் மணியை உருட்டிக்கொண்டே இருந்தால், இணைப்பு திரும்பும்போது பெரும்பாலும் செபமாலையின் ஒரே பத்து மணிகளுக்குள்தான் இருப்பார்கள்.