பெயர் எழுதும் கொப்பி

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களையும் மடுவுக்கு வான் பிடித்துப் போகிறவர்களையும் பார்த்து வளர்ந்தவன் நான். மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் சைவக் குடும்பம், இடப்பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். திருவிழாக் காலம் வந்தால் ஒரு வீட்டுக் கொடியில் காவி வேட்டி காயும். மற்ற வீட்டில் பாய் தலையணை கட்டுவார்கள். நடுவீட்டில், புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவரில் ஒரு பிரிவான மெதடிஸ்தர்களாகிய நாங்கள் இரண்டு வீட்டுச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் திரும்பும்வரை கோழிகளுக்குத் தீனி போடுவோம்.

"நமக்குப் போக ஒரு இடமும் இல்லையா அம்மா?" என்று சின்ன வயதில் கேட்டேன்.

"இருக்கிறது. கோழிக்கூடு. போய்த் தண்ணீர் வை" என்றார் அம்மா.

அந்த அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. கண் புரை சத்திரசிகிச்சைக்காக டிசம்பரில் கொழும்புக்கு வந்து என்னோடு தங்கியிருந்தார். கட்டு அவிழ்த்ததும் இரண்டு ஆசைகளைச் சொன்னார். புறக்கோட்டை டாம் வீதி ஆலயத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனையை விடக் கூடாது. முதலாவது எளிது. இரண்டாவதற்கு, "நீங்கள் எந்த ஆலயத்துக்குப் போகிறீர்கள் மகன்?" என்றொரு துணைக்கேள்வியும் வந்தது. பத்து வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் இருக்கிற எனக்கு அதற்கு நேர்மையான பதில் இல்லை. நத்தாருக்கு ஒரு ஆலயம், உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு ஆலயம், மிச்ச நாள்களுக்குத் தூக்கம். "கொட்டாஞ்சேனைப் பக்கம் சின்னதாக ஒன்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை டாம் வீதிக்குப் போனோம். ஆமர் வீதியிலிருந்து ஓட்டோ பிடித்து, ஒல்லாந்தர் 1757 இல் திறந்த வுல்பெண்டால் ஆலயத்தை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டே இறங்கினேன். "அது அவர்களுடையது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். டாம் வீதி என்றால் கொழும்புக்காரர்களுக்கு நினைவு வருவது சைக்கிள் கடைகள். தொங்குகிற சைக்கிள் சில்லுகளைத் தாண்டி ஆலயத்தின் முன்னால் நின்றபோது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். எங்கள் சபையில் அப்படி வழக்கம் இல்லை. வலப்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்றதாக இருக்கலாம்.

1816 டிசம்பரில் திறக்கப்பட்ட ஆலயம் அது. ஆசியாவிலேயே முதல் மெதடிஸ்த ஆலயம் என்பார்கள். வெஸ்லி கல்லூரியும் 1874 இல் இதே டாம் வீதியில்தான் தொடங்கியது. ஆனால் அம்மாவுக்கு வருடங்கள் முக்கியமில்லை. அவருக்கு இது குடும்பக் கதை. தோமஸ் கோக் என்ற முதியவர் 1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து இளம் போதகர்களைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். இலங்கையைக் கண்ணால் காணாமலே 1814 மே 3 அன்று நடுக்கடலில் இறந்து, கடலிலேயே அடக்கமானார். அந்தக் கூட்டத்தில் வந்த வில்லியம் ஓல்ட் வழியிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். தனியாக மட்டக்களப்புக்கு வந்து, எட்டு மாதம் உழைத்து, 1815 ஏப்ரலில் அவரும் போய்ச் சேர்ந்தார். எட்டு மாத ஊழியத்துக்கு இருநூறு வருடம் கழித்தும் எங்கள் ஊரில் பெயர் இருக்கிறது. "பாவம், சமைத்துக் கொடுக்கவும் ஆள் இருந்திருக்காது" என்று, நேற்று நடந்ததைப்போல அம்மா சொன்னார். இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி, போவோம்" என்றார். யாத்திரை முடிந்துவிட்டது! கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் நுழைந்தபோது மணி எட்டரை. இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே ஓடு வேய்ந்த சிறிய கட்டடம்; தெருவில் பந்தாடுகிற பையன்கள் அதன் மதிலைத்தான் விக்கெட்டாக வைத்திருந்தார்கள். வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த பழக்கம். கொச்சிக்கடை இங்கிருந்து நடந்து போகிற தூரம்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று தயங்கினார் அவர்.

"நான் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவள். நன்றாகப் பாருங்கள்" என்று அம்மா பையை அகலத் திறந்து கொடுத்தார். வேதாகமம், கண்ணுக்கு விடும் மருந்து, ஒரு பிடி டொபி. அவர் டொபி ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி ஆனது.

உள்ளே முப்பத்து நான்கு பேர். நான் எண்ணினேன், தொடக்கத்தில் வேறு வேலை இருக்கவில்லை. முன் வாங்குகள் காலி. அது உலகத்து மெதடிஸ்தர்கள் எல்லோருக்கும் பொதுவான பணிவு. வாங்கின் முதுகில் பெயர் செதுக்கியிருந்த குடும்பங்களில் பாதி இன்று கனடாவில். மூலையில் ஒரு பழைய மிதி ஆர்கன் துணி போர்த்தி உறங்க, பக்கத்தில் கீபோர்டை ஒரு பதின்ம வயதுப் பையன் வாசித்தான். ஞானப்பாட்டை ஆங்கில மெட்டில் நின்று பாடினோம். தமிழ் இராகத்தில் அமைந்த கீர்த்தனை வந்ததும் சபையே அரை அங்குலம் தாழ்ந்து, தாளம் முழங்காலுக்கு இறங்கியது. இரண்டுக்கும் ஒரே புத்தகம், ஒரே வாய். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தம்பி சார்ல்ஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கு மேல் பாட்டு எழுதினார் என்று மேடையில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாடுவது எது என்று பார்த்தால் கீர்த்தனைதான் ஜெயிக்கிறது.

எரேமியா 31 ஆம் அதிகாரத்தை ஒரு சிறுமி வாசித்தாள். அதற்கு முன் தம்பியிடம் சிங்களத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தவள். "உடன்படிக்கை" என்ற சொல்லில் தடுக்கி, நின்று, மறுபடி ஏறினாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார்கள். வேதத் தமிழோடு மல்லுக்கட்டியவர்களில் அவள் முதல் ஆள் இல்லையே. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் போதகர் பீற்றர் பெர்சிவல், தமது பாடசாலையில் படித்துப் படிப்பித்த ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சாகி வந்தது. அது நிலைக்கவில்லை, நாம் வாசிப்பது 1871 இல் வெளிவந்தது. சைவத்தைக் காக்கப் புறப்பட்டவரே வேதாகமத்துக்குத் தமிழ் பார்த்துக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து வீட்டுச் சாவி ஞாபகம் வருகிறது.

சேகர முகாமைக் குரு அன்று வந்திருந்தார். சேகரம் என்றால் அக்கம்பக்கத்து ஆலயங்கள் சேர்ந்த வட்டம். ஒரு குரு எல்லா ஞாயிறும் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. மற்ற ஞாயிறுகளில் வங்கியில் வேலை செய்கிறவரோ ஓய்வுபெற்ற தபாலதிபரோ பிரசங்கம் செய்வார். வெஸ்லி காலத்து ஏற்பாடு அது. அதனால்தானோ என்னவோ, இந்தச் சபைகளில் பிரசங்கத்தைக் கேட்கிறவர்களின் முகத்தில் ஒரு பரீட்சகர் தோரணை இருக்கும்: அடுத்த வாரம் தம் முறை.

குரு பத்து நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. பிறகு உடன்படிக்கை.

ஜோன் வெஸ்லி 1755 இல் லண்டனில் தொடங்கிவைத்த ஆராதனை இது. பின்னாளில் புத்தாண்டோடு ஒட்டிக்கொண்டது. கோயிலில் நேர்த்தி வைக்கும்போது, "இதைத் தா, அதைச் செய்கிறேன்" என்று ஒரு கணக்கு இருக்கும். இதில் அந்தக் கணக்கே இல்லை. நான் எனக்குச் சொந்தமில்லை என்று தொடங்கி, வேலைக்கு வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைத்தாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி என்று வெற்றுத்தாளில் ஒப்பம் வைக்கிற ஜெபம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தையே மூன்று தரம் வாசித்துக் கையெழுத்து வைக்கிற ஆள் நான்.

சபை எழுந்து நின்றது. அம்மாவுக்கு எழுத்து தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆனால் தாள் தேவைப்படவில்லை. வின்சன்ட் பாடசாலையில் படித்த காலத்திலிருந்து வருடத்துக்கு ஒரு தரம் சொல்லி வருகிறவர். ஒதுக்கி வைக்கப்படுவதைப் பற்றிய வரி வந்தபோது அவருடைய குரல் மற்றவர்களைவிட ஒரு படி உயர்ந்தது. பாடசாலையிலிருந்து ஓய்வு, அப்பா போனது, மாதர் ஐக்கியத் தலைவர் பதவியை இளையவர்கள் வாங்கிக்கொண்டது, இப்போது கண். எல்லாம் அந்த ஒரு வரிக்குள் நின்றதைக் கேட்டேன். அதே வரியில் என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பொய் சொல்லக் கூசியது என்று வைத்துக்கொள்ளலாம். பயந்தேன் என்பது அதைவிடச் சரி.

திருவிருந்துக்கு நான் எழுவதாக இல்லை. ஆனால் அம்மாவுக்குப் படி தெரியாது. கையைப் பிடித்து நடத்திப் போனேன். பீடத்துக்கு முன்னே மரக்கிராதி. முழந்தாளிட மாதர் ஐக்கியம் தைத்த மெத்தை. அவரை இறக்கி விட்டுவிட்டு நிமிர இடமில்லை. இருபக்கமும் ஆட்கள் வந்து முழந்தாளிட்டுவிட்டார்கள். கைத்தடியாகப் போனவன் நானும் முழந்தாளில். அப்பத்துண்டு உள்ளங்கையில் விழுந்தது. விரல் நுனி அளவுக் கண்ணாடிக் குவளையில் புளிக்காத திராட்சை இரசம். வெளியே சந்தில் ஒருவன் "அவுட்!" என்று கத்தினான்.

ஆராதனை முடிந்து பின்கட்டில் பால்சோறும் கட்டைச்சம்பலும் இஞ்சித் தேநீரும். அறுவடை விழாவைப் பற்றிய பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. கொழும்பில் யாருக்கு வயல்? ஆனாலும் விழா உண்டு. சந்தையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய முட்டையைக் காணிக்கையாக வைத்து, அதை ஏலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு எடுத்து, எடுத்தவர் மறுபடி காணிக்கையாக வைப்பாராம். போன தடவை ஒரே பூசணிக்காய் ஐந்து தரம் விலைபோனது என்று ஒருவர் சொல்ல, ஆறு என்று அவருடைய மனைவி திருத்தினார்.

அப்போதுதான் கொப்பியோடு ஒரு ரீச்சர் வந்தார். எண்பது வயதிருக்கும். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி, மேலே பழைய கலண்டர்த் தாளில் உறை. அம்மாவின் பெயரையும் ஊரையும் எழுதினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து வேறொரு பழைய கொப்பியை எடுத்தார்.

மெதடிஸ்த சபையில் கொப்பி சும்மா வந்த பொருள் இல்லை. 1742 இல் பிரிஸ்டலில் மண்டபம் கட்டிய கடன் கழுத்தை நெரித்தபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்று ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஒருவர் சொன்னார். ஏழைகளால் முடியாதே என்று மற்றவர்கள் சொல்ல, மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்கள் கொடுக்க முடியாததை நான் கொடுக்கிறேன் என்றார். பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள், இன்னார் நோயில் கிடக்கிறார், இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை என்று கண்டு வந்தார்கள். கடன் தீர்க்கப் பிறந்த, 'வகுப்புகள்' எனப்பட்ட இந்தச் சிறு குழுக்கள் ஆளை ஆள் விசாரிக்கிற குழுக்களாயின. பெயர் எழுதும் கொப்பி அந்த வழியில் வந்தது.

"தம்பி, நீங்கள் 2015 இல் இரண்டு தரம் வந்திருக்கிறீர்கள்" என்றார் ரீச்சர். கொப்பியில் என் பெயர் இருந்தது. நானே எழுதிய தொலைபேசி இலக்கமும். பக்கத்தில் சிவப்பு மையில் வேறொரு பெயர், ஒரு ஹாஜியாருடையது.

"கடைசி இலக்கத்தைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள். நான் எடுத்தபோது வெல்லம்பிட்டியில் டயர் கடை வைத்திருக்கிற ஹாஜியார் பேசினார். உங்களைத் தெரியாது என்றார். ஒருவேளை தெரிய வந்தால் சொல்லுங்கள் என்றேன். பிறகு மாதத்துக்கு ஒரு தரம் எடுத்துக் கேட்பேன். அவரும் விசாரித்துப் பார்த்ததாகச் சொல்வார். பிறகு அவருடைய முழங்கால் வலி, மகளுடைய சோதனை... அப்படியே போய்விட்டது."

அம்மா என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி இருந்ததால் எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

"2019 இல், அந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த ஹாஜியார்தான் முதலில் எனக்கு எடுத்தார்" என்றார் ரீச்சர். "'ரீச்சர், உங்கள் ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களா? அந்தத் தம்பி கிடைத்தாரா?' என்று கேட்டார்."

சரியான இலக்கத்தைச் சொன்னேன். புதுக் கொப்பியில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அதன் கீழே பழைய இலக்கத்தையும் ஹாஜியாரின் பெயரையும் கவனமாகப் பெயர்த்து எழுதத் தொடங்கினார்.

"அது இனித் தேவையா ரீச்சர்?"

"ஏன் தம்பி? இன்றைக்குப் பின்னேரம் எடுத்து, நீங்கள் கிடைத்துவிட்டீர்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டாமா?"