டபுள் கிராஸ்: பாறை வெடிப்பில் கையைச் செருகி ஏறியது

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் ஏறுவதற்கான பாதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை குட்டையானவை. பெரும் பாறைச் சுவர்களுக்குப் பேர்போன யோசெமிட்டியின் உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு இவற்றை லேசாகப் பேசுகிறவர்கள், ஹிட்டன் வேலி முகாமிலேயே நிற்கும் ‘ஓல்டு வுமன்’ பாறைக்கு வந்து டபுள் கிராஸ் என்ற வெடிப்புப் பாதையில் கயிற்றோடு முன்னால் ஏறிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ நூறு அடி, அமெரிக்க அளவுகோலில் சிரமத் தரம் 5.7+, எண்ணளவில் எளிய பக்கம்.

மேற்குப் பார்த்த பாறை என்பதால் குளிர்காலக் காலையில் விரல்கள் விறைத்துப் போகும். வெயில் இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருந்து, மதியத்துக்கு மேல்தான் நானும் தோழியும் கயிற்றை விரித்தோம்.

இந்த வெடிப்பு தரையிலிருந்தே தொடங்குவதில்லை. வெறும் பாறை முகத்தில் ஏறிப் போய்த்தான் அதை எட்ட வேண்டும். அதுவரை விழுந்தால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. அடிபட்டவர்கள் நிறையப் பேர் என்பதால், எண்ணைப் பார்த்து இதை எளிது என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காலை வைத்து, எடையை மாற்றி, அப்புறம்தான் அடுத்த அடி.

வெடிப்புக்குள் முதல் கை போனதும் எல்லாம் மாறிவிட்டது. விரல்களை நீட்டி உள்ளே நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் அதன் அடிச்சதை புடைத்துக்கொள்ளும். ஒரு சுவரில் உள்ளங்கை, எதிர்ச் சுவரில் புறங்கை. அவ்வளவுதான், பாறை கையை விடாது. காலும் அப்படித்தான்: பாதத்தைச் சாய்த்து நுழைத்து, முழங்காலை நிமிர்த்தினால் இறுகிக்கொள்ளும். இப்படிக் கையைச் செருகிப் பிடிக்கும் நல்ல ஹேண்ட் ஜாமுக்கு ஈடான பிடி எந்த விளிம்பிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். இங்குள்ள மோன்சோகிரானைட் என்ற கிரானைட் வகைப் பாறையின் பருத்த படிகங்கள் புறங்கைத் தோலைக் கிழிக்கும். டேப் சுற்றிக்கொள்வது நல்லது.

இந்தப் பாறை 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்கடியில் உருகிய குழம்பாக இருந்து இறுகியது. மேலே இருந்த சுமை அரித்துப் போகப் போக வெடிப்புகள் விழுந்தன, நிலத்தடி நீர் புகுந்து ஓரங்களை மழுக்கியது. நான் கை நுழைத்திருந்த பாறைக்கு அவ்வளவு வயது.

தோள் உயரத்தில் ஒரு கேம் வைத்தேன்; விழுந்தால் தாங்குவதற்காக வெடிப்பில் செருகிக் கயிற்றை மாட்டும் கருவி அது. விசையை இழுத்தால் சுருங்கும், விட்டால் விரிந்து இரண்டு சுவரையும் கவ்வும், விழும்போது கயிறு இழுத்தால் இன்னும் இறுகும். ரே ஜார்டீன் உருவாக்கி 1978இல் விற்பனைக்கு வந்த ‘ஃப்ரெண்ட்’ என்ற கருவிதான் இதற்கு முன்னோடி. அதற்கு முன் இப்படிப்பட்ட வெடிப்புகளில் உலோகக் கட்டைகளை மட்டும் செருகி முன்னால் ஏறியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கை, கால், கேம், மூச்சு. தாளம் பிடிபட்ட பிறகு உச்சி சீக்கிரமே வந்துவிட்டது. அங்கே நங்கூரம் கட்டி, மேலிருந்து கயிற்றைப் பிடித்துத் தோழிக்கு பிலே கொடுத்தேன். கேம்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி மேலே வந்தவளின் கண்களில் அப்படி ஒரு பிரகாசம். கயிற்றில் ராப்பெல் செய்து இறங்கியதும், “கயிற்றைச் சுருட்டாதே, இப்போது நான் முன்னால் போகிறேன்” என்றாள். சரி என்று கேம்களை அவள் இடுப்பு ஹார்னஸில் மாட்டிவிட்டேன்.