முறிந்த கன்றுக் காலும் ஐந்து கிழமையும்

கார்த்திகை மழையில் பட்டி முழுக்கச் சேறு. விடியப் பால் கறக்கப் போனால், பிறந்து 12 நாளான எங்கள் நாகு கன்று மூன்று காலில் நின்றது. ஒரு முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடியது. தாய்மாடு இரவில் மிதித்திருக்க வேண்டும். மெல்லத் தொட்டபோது உள்ளே மணல் நெறுநெறுப்பது போல விரலில் பட்டது.

நாங்கள் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். “கால் முறிஞ்ச கன்று தேறாது பிள்ளை” என்றார் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. முறிவு நெரிவு எண்ணெய் பூசி உருவச் சொன்னார் இன்னொருவர். நல்லவேளை, நான் முதலில் கால்நடை வைத்தியருக்குப் போன் எடுத்தேன். தோல் கிழியவில்லை, எலும்பு வெளியே தெரியவில்லை என்றதும், “அப்ப ஏத்திறதுக்கு முன்னம் காலை ஆடாமல் கட்டுங்கோ அக்கா” என்றார்.

பழைய சேலையைக் கிழித்துத் தடிப்பாகச் சுற்றினோம். தண்ணி பைப் துண்டொன்றை நெடுக்காகப் பிளந்து, குளம்பிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை வைத்துக் கட்டினோம். அப்படிக் கட்டாமல் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியிருந்தால், அந்தக் குலுக்கலிலேயே எலும்பு நுனி தோலைக் கிழித்திருக்கும். கிழிந்தால் கிருமி எலும்புக்குள் போய்விடும். கன்று பிழைத்தது இந்தக் கட்டால்தான் என்று நான் நம்புகிறேன்.

டொக்டர் மயக்க ஊசியை மிகக் குறைவாகத்தான் ஏற்றினார். இதே மருந்து குதிரைக்கென்றால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வேண்டுமாம். பிறகு குளம்பின் ஓரத்தில் இரண்டு சிறு துளை போட்டு, கம்பி கோத்து, என்னை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். கை நடுங்கியது. கால் நேரானதும் குளம்பையும் சேர்த்து பிளாஸ்டர் போட்டார். இரண்டு பக்கமும் சேலைன் குழாய்க்குள் அறுக்கும் கம்பியை விட்டு, அதையும் உள்ளேயே வைத்துச் சுற்றினார்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்த மகன், குதிரைக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டான். மாடு படுத்துக் கிடந்து காலை ஆற விடும், குதிரை நின்றே பாரத்தை மற்றக் காலில் போட்டு அந்தக் குளம்பையும் கெடுத்துக்கொள்ளும் என்றார் டொக்டர். கால் எலும்பு முறிந்தால் சில குதிரைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தகடும் திருகாணியும் வைப்பார்களாம். மயக்கம் தெளிந்து எழும்பும் நேரம்தான் அங்கே பெரிய பயமாம்.

வீட்டில் வைக்கோல் தடிப்பாகப் போட்டு, கன்றைத் தனியாக விட்டு, பால் குடிக்க மட்டும் தாயிடம் தூக்கிப் போனோம். காலையும் மாலையும் பிளாஸ்டரின் மேல் விளிம்பை மணந்து பார்ப்பேன். நாற்றம், சூடு, ஈ மொய்ப்பது, திடீரென்று கால் ஊன்றாமல் விடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார். 16ஆம் நாள் விளிம்பு தோலை உரஞ்சிச் சிவந்தது. வளர்கிற கன்றுக்கு பிளாஸ்டர் இறுகத்தானே செய்யும். மாற்றிக் கட்டினோம்.

ஐந்தாம் கிழமை முடிய, குழாய்க்குள் இருந்த கம்பியை இரு கையாலும் மாறி மாறி இழுத்து டொக்டர் பிளாஸ்டரை அறுத்தார். கால் மெலிந்து, மயிர் உதிர்ந்து, மற்றக் காலின் பாதிதான் இருந்தது. கன்று இரண்டு தரம் சறுக்கியது. அப்புறம் ஊன்றியது. இப்போது தாயோடு குளக்கட்டு வரை போய் வருகிறது. தடவினால் முறிந்த இடத்தில் ஒரு முடிச்சு இன்னும் கையில் படும்.