மாமாவின் சோடியம் பேரேடு

மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதைத் தூத்துக்குடி டாக்டர் கண்டுபிடித்தது போன வருடம். ஒரு நாளைக்கு அஞ்சு கிராம் உப்பு, அதற்கு மேல் கூடாது என்று சீட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தாராம். வேலை பார்த்த காலமெல்லாம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர் மாமா. அம்பாரம் அம்பாரமாக டன் கணக்கில் வரவு வைத்தவரிடம் போய் அஞ்சு கிராம் என்றால்? "மூட்டை பிடிக்கும்போது கீழ சிந்துறதே அதைவிடக் கூட இருக்கும் மாப்ள" என்பது அவர் கட்சி.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் அந்தக் கட்சிக்கு ஓட்டு விழவில்லை. அவர் வந்து இறங்குவதற்கு முன்பே என் மனைவி ஊறுகாய் பாட்டில்களை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டு, கீழே டின் சூப்பாக அடுக்கி வைத்திருந்தாள். மாட்டுக்கறியும் காளானும் போட்ட சூப். முகப்பில் "சோடியம் 25 சதவீதம் குறைவு" என்று பச்சை எழுத்து. பச்சையில் அச்சடித்தால் உடம்புக்கு நல்லது என்று ஊர் உலகமே நம்புகிறது.

மாமா முகப்பைப் பார்க்கவே இல்லை. டின்னைத் திருப்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்பக்கக் கட்டத்துக்குள் இறங்கிவிட்டார். கணக்குப் பார்த்த கண் அல்லவா.

"ஏட்டி, ஒரு கப்புக்கு 600 மில்லிகிராம்னு போட்டிருக்கான். டின்னுல ரெண்டு கப் இருக்கு. முழுசாக் குடிச்சா 1,200. அஞ்சு கிராம் உப்புல இருக்கிற சோடியமே 2,000தான். ஒரே டின்னுல பாதிக்கு மேல காலி. இதுல எங்க குறைவு?"

உண்மைதான். 25 சதவீதம் குறைவு என்றால் வழக்கமான சூப்போடு ஒப்பிடும்போது குறைவு, அவ்வளவுதான். வழக்கமான டின் சூப்பில் கப்புக்கு 800 மி.கி. இருப்பது இங்கே சாதாரணம். ஆடித் தள்ளுபடி மாதிரிதான், எந்த விலையிலிருந்து கழித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதுவே "குறைந்த சோடியம்" என்று அச்சடிக்க வேண்டுமானால் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விதிப்படி ஒரு பரிமாறலுக்கு 140 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. இதை நான் போனில் தேடிப் படித்துச் சொன்னபோது மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த காரத்துக்குச் சோடியம் தேவைப்படவில்லை.

மறுநாள் அசல் குறைந்த சோடியம் டின் வந்தது. மாமா படித்தார். ஒரு கப்புக்கு 170 கலோரி சொச்சம், 11 கிராம் புரதம், 6 கிராம் கொழுப்பு, 24 கிராம் மாவுச்சத்து. சோடியம் சுமார் 60. "இது யோக்கியமான டின்னு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

அப்படியே என்னைப் பார்த்தார்.

"உப்பில்லாப் பண்டம்..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, பழமொழி கூடாது" என்றாள் மனைவி.

அடுத்து கறித்துண்டுகளை எண்ணத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை முடிந்துவிட்டது. "மாப்ள, இது மாட்டுக்கறி போட்ட சூப்பா, மாடு நடந்துபோன சூப்பா?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் சந்தேகத்தில் பொருள் இருக்கிறது. கொழுப்பில்லாத கறியை வேகவைத்து 100 கிராம் சாப்பிட்டால் 26 கிராம் புரதம் வரும். இந்தக் கப்பில் 11 என்றால் கறி எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து 24 கிராம் வந்தது மாட்டிலிருந்து அல்ல, உருளைக்கிழங்கும் கெட்டிப்படுத்தச் சேர்த்த மாவும் கொடுத்த நன்கொடை. இருந்தாலும் கொஞ்சமாக இருக்கிற கறியிலும் பி12, துத்தநாகம், உடம்பு எளிதில் உறிஞ்சும் இரும்புச்சத்து எல்லாம் உண்டு. காளானில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், கலோரி அதிகமில்லை, பொட்டாசியம் பரவாயில்லை.

"காளான்ல வைட்டமின் டி இருக்குப்பா" என்று மனைவி ஆசை காட்டினாள். வெயிலோ புற ஊதா ஒளியோ பட்ட காளானில்தான் அது சொல்லிக்கொள்ளும்படி இருக்கும். மாமாவுக்கு இதைச் சொன்னதும், "எங்க உப்பளத்து வரப்புல ஒருநாள் காயப்போட்டிருக்கணும். காளானுக்கே கருத்திருக்கும்" என்றார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் பரிதாபப்பட்டு உப்புக்கு மாற்று என்று ஒரு டப்பா கொண்டுவந்தார். பொட்டாசியம் குளோரைடு. மாமா ஆசையாகத் திறப்பதற்குள் மனைவி பிடுங்கிவிட்டாள். ரத்தக் கொதிப்புக்கு அவர் சாப்பிடுவது டெல்மிசார்டன். அந்த வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற வாய்ப்பு உண்டு, டாக்டரைக் கேட்காமல் இந்த மாதிரி உப்பைத் தொடக் கூடாது. நண்பர் டீயைக் குடித்துவிட்டு டப்பாவோடு திரும்பிப் போனார்.

சரி, ருசிக்கு வேறு வழி பார்ப்போம் என்று நான் அடுப்படிக்குள் போனேன். காய்ந்த ஷிட்டாக்கே காளானை ஊறவைத்த தண்ணீரைச் சூப்பில் ஊற்றி, பூண்டும் நசுக்கிய மிளகும் சேர்த்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தேன். கறியும் காளானும் சேர்ந்தால் நாக்குக்கு ஒரு நிறைவு வரும், குறைந்த உப்பிலும் அது கைகொடுக்கும். மாமா ஒரு கிண்ணத்தைக் காலி செய்தார். பாராட்டாக "ம்" என்றார். அவருக்கு அதுவே அதிகம்.

அப்புறம்தான் பேரேடு வந்தது. ஒரு பழைய நோட்டில் கோடு கிழித்து, தினம் 2,000 மி.கி. வரவு, சாப்பிட்டதெல்லாம் பற்று. மனைவிக்கு ஒரே பெருமை. "பார்த்தீங்களா, அப்பா எவ்வளவு பொறுப்பா இருக்கார்!" அந்தப் பெருமை அன்று ராத்திரி வரைதான் நீடித்தது.

"மாப்ள, சூப்பு 60, தோசை, சட்னி, மத்தது எல்லாம் சேர்த்து 1,100. இன்னும் 900 பாக்கி கிடக்கு. ஒரு அப்பளம் 170, ரெண்டு பொரிங்க. மேல் தட்டுல மாவடு தெரியுது, அதுக்கு ஒரு 400 ஒதுக்கிருக்கேன்."

உப்பைக் குறைக்க வாங்கிய சூப், மாவடுவுக்குப் பட்ஜெட் ஒதுக்கும் ஏற்பாடாக மாறிவிட்டது. ஒரு அப்பளத்தில் கிட்டத்தட்ட மூன்று கப் சூப்பின் சோடியம் இருக்கிறது என்று மனைவி வாதாடினாள். "அதனாலதான் சூப்பைக் குடிச்சு மிச்சம் பிடிச்சேன்" என்றார். 2,000 என்பது உச்ச வரம்பு, செலவழித்தே தீர வேண்டிய சம்பளம் இல்லை என்று அவள் சொன்னது ஏறவே இல்லை. அடுத்த நாள் காலையில் "முன்பாக்கி 160" என்று பக்கத்தின் மேலே எழுதியிருந்தார். மீதியெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கே காலாவதி என்று மனைவி புதுச் சட்டம் போட்டாள். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே ஒரு அப்பளம், மாவடு கிடையாது என்று உடன்பாடு.

நான் இதில் மாமா பக்கம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர் பொழுது போகாமல் அலமாரி முழுவதையும் தணிக்கை செய்ய, நான் பின்வரிசையில் ஒளித்துவைத்த உடனடி நூடுல்ஸ் பாக்கெட் கையில் கிடைத்திருக்கிறது. ஒரு பாக்கெட்டில் 1,600 மி.கி. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அதை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, நோட்டில் என் பெயருக்கு ஒரு பக்கமும் திறந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள, கணக்குன்னா கணக்கு" என்றார். ராத்திரி என் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கிண்ணம் சூப் இருந்தது. எலுமிச்சை பிழியாதது.